அடிபட்ட தொழிலாளி திரும்பி வர வழி செய்வோம்

நம் கடைவீதிகளில் ஒரு பழக்கம் உண்டு. சுமை தூக்கும் தொழிலாளி கிட்டங்கியில் விழுந்துவிட்டால் உடனே ஆட்டோ பிடித்து ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். கல்லாவில் இருப்பதை எடுத்துக் கொடுப்போம். மறுநாள் கணக்குப்பிள்ளை ஹார்லிக்ஸ் பாட்டிலுடன் போய் விசாரித்து வருவார். மூன்றாம் நாள் அந்த இடத்தில் வேறொருவர் மூட்டை சுமந்துகொண்டிருப்பார். இரக்கமில்லாதவர்கள் என்று நம்மை யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மனிதர் மறுபடி நம் படியேறி வேலைக்கு வருவதற்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால், நம்மில் பலரிடம் பதில் இல்லை.

பிறர் கடையைச் சொன்னால் மனவருத்தம் வரும். ஆகவே எங்கள் கடையில் நடந்ததையே சொல்கிறோம்.

1996-ம் வருடம், பொங்கலுக்கு முந்தின வாரம். துவரம்பருப்பு லாரி வந்து நின்றது. அப்போதெல்லாம் 100 கிலோ மூட்டைதான். லாரிக்கும் வாசலுக்கும் இடையே போட்டிருந்த பலகை நழுவி ஒரு தொழிலாளி மூட்டையோடு விழுந்தார். இடுப்பில் பலத்த அடி. ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவரோ நான்காவது வாரமே வந்து நின்றார். "உடம்பு சரியாயிட்டு முதலாளி" என்றார். நாங்களும் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டோம். டாக்டர் சீட்டைக் காட்டு என்று கேட்கவில்லை. பத்து நாள் கழித்து ஒரு சர்க்கரை மூட்டையைத் தூக்கும்போது அப்படியே உட்கார்ந்தவர், அதன் பிறகு எந்தக் கடையிலும் மூட்டை தூக்கவே இல்லை. எட்டாவது படித்துக்கொண்டிருந்த மூத்த மகன் படிப்பை விட்டுவிட்டு வேறொரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்தான்.

அவர் ஏன் அவசரப்பட்டு வந்தார் என்பது பின்னால்தான் எங்களுக்குப் புரிந்தது. தீபாவளிக்கு எங்களிடம் 2,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். நாங்கள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை, கேட்க நினைக்கவுமில்லை. ஆனால் பேரேட்டில் அது பற்றாக நின்றது, அது அவருக்குத் தெரியும். "பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே, டாக்டர் சொன்ன பிறகு வா" என்ற ஒரு வார்த்தையை நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தத் தொகையைப் பிறகு தள்ளுபடி எழுதினோம். எழுதி என்ன பிரயோஜனம்?

டாக்டருக்கு வேலை என்னவென்று தெரியாது. எங்களுக்கு உடம்பு எப்படியிருக்கிறது என்று தெரியாது. கூடச் சுமக்கும் ஆட்களோ, ஆள் குறைந்தால் கூலி போய்விடுமே என்று அவசரப்படுத்தினார்கள். இத்தனை பேரையும் சேர்த்து வைத்துப் பேச ஒருவர் இல்லாமல் போனதுதான் குறை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1923-லேயே தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் வந்தது. தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்கு மாதக் கூலியில் 25 சதவிகிதத்தை அரைமாதத்துக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய பாதிக் கூலியை, முதலாளி கொடுக்க வேண்டும் என்றது அது. 2009-ல் செய்த திருத்தத்தில் வைத்தியச் செலவும் சேர்ந்தது. பாராளுமன்றம் 2020-ல் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் நஷ்ட ஈட்டுக்கு இடமிருக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் கடைகளுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. அதில் பதிவான தொழிலாளிக்கு வேலையில் அடிபட்டால் கூலியில் 90 சதவிகிதம் கிடைக்கிறது. இவையெல்லாம் வீட்டில் இருக்கும் நாட்களுக்குப் பணம் தருகின்றன. திரும்பி வரும் நாளுக்கு வழி சொல்வது குறைவு.

அரசாங்க ஊழியர் விஷயம் வேறு. பணியில் இருக்கும்போது உடல் ஊனம் ஏற்பட்டால் அவரை நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும் என்று 1995 சட்டத்தின் 47-ம் பிரிவு சொன்னது. 2016-ல் வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. நம் மாநிலப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர்கள் பலர் உயர்நீதிமன்றம் வரை போய் மாற்று வேலை வாங்கியது இந்தச் சட்டத்தைக் கொண்டுதான். நம் கடைகளை அது கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தினால்தான் செய்வோமா என்பது நம் மனசாட்சிக்குரிய கேள்வி.

மற்ற நாடுகளில் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஒரு வருடத்தில் ஆறு வாரத்துக்கு மேல் உடல்நலமின்றி இருந்தவரை முதலாளியே அழைத்து, எப்படித் திரும்பி வரலாம் என்று பேச முன்வர வேண்டும் என்பது 2004 முதல் சட்டம். முதலில் இரண்டு மூன்று மணி நேரம், பிறகு அரை நாள், அப்புறம் முழு நாள் என்று படிப்படியாக வேலைக்கு வரும் வழக்கமும் அங்கே உண்டு. நம் மக்கள் நிறையப் பேர் உழைக்கும் மலேசியாவில், சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி நிறுவனம் 2007-ல் இதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. டாக்டர், முதலாளி, தொழிலாளி மூவரிடமும் போய்ப் பேசி ஏற்பாடு செய்வதற்கென்றே ஆள் போட்டிருக்கிறார்கள். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, நடுவில் நின்று பேச ஒருவர். அவ்வளவுதான்.

2014-ல் எங்களுக்கு இரண்டாவது வாய்ப்பு வந்தது. வத்தல் மூட்டை அட்டியிலிருந்து சரிந்து ஒருவருக்கு முழங்கால் போயிற்று. ஒரு மாதம் கழித்து அவர் மனைவி கடைக்கு வந்தார். வழக்கம்போல் பணம் எடுத்து நீட்டினோம். "துட்டு வேண்டாம் அண்ணாச்சி. அவுகளுக்கு ஒரு வேலை குடுங்க. வீட்டுல உக்காந்து செவரையே பாத்துக்கிட்டு இருக்காவ" என்றார். எங்களுக்கு 1996 ஞாபகம் வந்தது.

மறுநாள் அவரோடு டாக்டரிடம் நாங்களே போனோம். எத்தனை கிலோ தூக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், படி ஏறலாமா என்று கேட்டோம். டாக்டர் சிரித்துக்கொண்டே, இரண்டு மாதம் பாரம் கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலை செய்யலாம் என்று சீட்டில் தேதி போட்டு எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். உட்கார்ந்து செய்யும் வேலைதானே என்று சிட்டை எழுத வைத்தோம். அவர் மூன்றாவது வரை படித்தவர். இரண்டு நாள் கடைப்பையனைக் கெஞ்சி எழுதச் சொல்லிச் சமாளித்திருக்கிறார். மூன்றாம் நாள் வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. உங்களுக்கு எது தோது என்று அப்போதுதான் கேட்டோம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கோணி தைப்பேன், சரக்கைப் பார்த்துச் சொல்வேன் என்றார். இருபது வருடம் மூட்டை சுமந்த ஆள். கையை விட்டுப் பார்த்து எந்த மூட்டையில் ஈரம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்த ஐப்பசி மழையில் வந்த உளுந்தில் ஏழு மூட்டையைத் தனியே ஒதுக்கியது அவர்தான்.

சுமைக்கூட்டத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலியை அவர்கள் சமமாகப் பங்கிடுகிறவர்கள். தூக்காதவருக்குப் பங்கு எப்படி என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அவர் கூலியைக் கடைக் கணக்கில் தனியாக எழுதினோம். கூட்டத்தின் பங்கைத் தொடவில்லை. அதோடு பேச்சு நின்றது. இரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்து மூன்றாம் மாதம் முழு நாள் ஆயிற்று. ஐந்தாம் மாதம் 25 கிலோ சிப்பம் மட்டும் தூக்குவது என்று பேசிக் கூட்டத்தில் சேர்ந்தார். முழங்கால் பழையபடி ஆகவில்லை; மழை நாளில் நொண்டுவார். ஆனாலும் 2022 வரை எங்களிடம் இருந்தார்.

இப்படி இடம் கொடுத்தால் சும்மா உட்கார்ந்தே தின்பான் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. அப்படி ஒருவரும் எங்களிடம் இருந்தார், மறைக்கவில்லை. டாக்டர் சீட்டில் இருந்த தேதி முடிந்ததும் கூப்பிட்டுப் பேசினோம், விஷயம் தீர்ந்தது. அந்த ஒருவரை நினைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் சந்தேகிக்கக் கூடாது.

நம் பக்கத்து ஆய்க்குடியைப் பாருங்கள். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்து மறுவாழ்வுக்குத் தயார் செய்யும் பிரிவும் அங்கே இருக்கிறது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்படி ஒரு ஊரை அருகில் வைத்துக்கொண்டு, முழங்கால் போனவரைப் பார்த்து இனி எதற்கும் உதவமாட்டார் என்று நாம் சொல்லலாமா?

ஒரே ஒரு பையனை வைத்துப் பலசரக்குக் கடை நடத்துகிறவர் என்ன செய்வார் என்ற கேள்வி வரும். அவர் தனியாகச் செய்ய முடியாது. அதற்குத்தான் சங்கம். ஒரு தெருவில் பத்துக் கடை இருந்தால் பாக்கெட் போடுவது, எடை பார்ப்பது, போனில் ஆர்டர் எடுப்பது என்று எங்காவது ஒரு கடையில் லேசான வேலை இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஆளை அங்கே மாற்றிக்கொள்ளலாம். உட்கார ஸ்டூல் போடுங்கள். கடையில் வேலை பார்ப்பவருக்கு உட்கார வசதி வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசே சட்டம் செய்துவிட்டது. உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா, அட்டை புதுப்பித்திருக்கிறதா என்று அடிபடுவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

டாக்டரிடமும் வீட்டாரிடமும் சுமைக்கூட்டத்திடமும் பேச ஓய்வாக இருக்கும் மூத்த வணிகர் ஒருவரைச் சங்கம் நியமிக்க வேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வேறு யாரும் முன்வராவிட்டால் முதல் வருடம் நாங்களே பார்க்கிறோம். இப்போது எங்கள் கிட்டங்கியில் மணிக்கட்டு முறிந்த ஒருவர் வீட்டில் இருக்கிறார். வருகிற திங்கட்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை வரச் சொல்லியிருக்கிறோம். இடது கையால் என்ன செய்ய முடியும் என்று அவரிடமே கேட்டுக்கொண்டோம்.