சிறு சளியும் சிசுவின் உயிரும்

ஜலதோஷத்தை ஒரு வியாதியென மதிப்பார் நம்முள் அரியர். மூக்கொழுகினும் தொண்டை கரகரப்பினும், மிளகு ரசத்தோடு அதனை மறந்து அவரவர் காரியத்தைப் பார்க்கிறோம். வலிய சரீரமுடைய வாலிபர்க்கு அதனால் பெருங்கேடில்லை என்பது மெய்யே. ஆயினும், விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவரொருவர், பெட்டி படுக்கையோடு விடுதிச் சளியையும் உடன்கொண்டு சென்று, பிறந்து ஒரு திங்களே ஆன தமக்கையின் மகவை வாரியெடுத்து முத்தமிடுவாராயின், அஃது அன்பின் செயலாகுமா? ஆகாதென்பதே எமது துணிபு.

சளிக்குக் காரணமான வைரஸ்கள் பல. அவற்றுள் ஒன்று ஆர்.எஸ்.வி. எனப்படுவது. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில், சளியுற்ற சிம்பன்சிக் குரங்குகளிடத்தே இது முதன்முதற் கண்டறியப்பட்டது. பின்னர் நோயுற்ற குழந்தைகளிடத்தும் காணப்பட்டது. இரண்டு வயது நிரம்புமுன் அநேகமாய் எல்லாக் குழந்தைகளையும் இது ஒருமுறையேனும் தீண்டிவிடும். ஒருமுறை வந்தது மறுமுறை வாராதென்பதுமில்லை. வளர்ந்தோர்க்குப் பெரும்பாலும் வெறுஞ் சளியாய் வந்துபோகும் இந்நோய், சிசுவினிடத்தே வேறு உருக்கொள்கிறது. சிசுவின் மூச்சுச் சிறுகுழல்கள் மிக நுண்ணியவை. அவை வீங்கிச் சளியால் அடைபடுமாயின், மூச்சு விரையும், விலாப்புறம் உள்வாங்கும், பால் குடிக்கவும் இயலாது. அந்நிலையில் கைவைத்தியத்திற் காலங்கழியாது மருத்துவமனை சேர்தல் வேண்டும். உலகெங்கும் ஆண்டுதோறும் ஐந்து வயது நிரம்பாத ஏறக்குறைய 1,00,000 குழந்தைகள் இந்நோயால் மடிகின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வறிய நாடுகளிற் பிறந்தவர் என்பது நாம் சிந்திக்கத்தக்கது.

இது பரவும் வழியோ எளிது. இருமல் தும்மலின் துளிகளாலன்றி, நம் கைகளாலும் இது செல்லும். கதவுப் பிடியிலும் விளையாட்டுப் பொருளிலும் பல மணி நேரம் அழியாது கிடக்கும். காக்கும் வழியும் அத்துணை எளிதே. இவ்வைரஸின் மேலுறை கொழுப்பாலாயது. சோப்பு அதனைச் சிதைத்துவிடும். நோயுற்றார் மூன்று முதல் எட்டு நாள் வரை பிறர்க்குத் தொற்றுவிக்கக்கூடுமாதலின், அந்நாட்களிற் சிசுவையும் முதியோரையும் அணுகாதிருத்தல் நன்று.

"குழந்தை பார்க்க வந்தாரைக் கைகழுவச் சொல்வது மரியாதையோ?" என்பர் சிலர். பிள்ளை பெற்ற இளந்தாய் மாமியார் முன்னும் மூத்தோர் முன்னும் அவ்வாறு சொல்ல நாணுவாள் என்பது உண்மையே. அதனாலன்றோ, சொல்லுமுன் செய்வது வந்தவர் கடமையாகிறது! கற்றவராகிய நாமே வாயிலில் நின்று, "எனக்குச் சளி பிடித்திருக்கிறது, எட்ட நின்றே பார்த்துச் செல்கிறேன்" என்போமாயின், பிறர்க்கும் அது வழக்கமாகும். அயலாரை நேசிக்கக் கற்பிக்கும் கல்லூரியிற் பயின்றதன் பயன் இதனினும் வேறுண்டோ?

இந்நோய்க்குத் தடுப்பூசி காணல் எளிதாயிருக்கவில்லை. 1960களிற் செய்த முதல் முயற்சி, பயன் தாராததோடு, நோயை மிகுவித்து இரு குழந்தைகளின் உயிரையும் கொண்டது. 2023ஆம் ஆண்டில்தான் முதியோர்க்கும் கருவுற்ற தாய்மார்க்கும் உரிய தடுப்பூசிகள் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. தாய்க்கு இடுவதால் அவள் வயிற்றிலுள்ள மகவும் பிறக்குமுன்னரே காப்புப் பெறுகிறது. இந்நன்மை ஏழைக் குடிசைகட்கும் எட்டுமாறு செய்வது அரசினர் கடன். கைகழுவி, சிறிது விலகி நிற்பதோ இன்றே நம்மாலாவது. எட்ட நின்று புன்னகைக்கும் மாமனை மருமகன் ஒருபோதும் வெறான்.