சோறு இல்லாத எட்டு வாரங்கள்

மருத்துவர் மருந்துச் சீட்டை நீட்டும்போது மறுத்துப் பேசும் பெற்றோர் மிகச் சிலரே. அதே மருத்துவர், "ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை குழந்தைக்குச் சோறும் வேண்டாம், இட்லியும் வேண்டாம், இந்த ஊட்டத் திரவம் ஒன்றே போதும்" என்று கூறினால் வீடே கலங்கிவிடுகிறது. ஏற்கெனவே மெலிந்து நிற்கும் பிள்ளையின் வாயிலிருந்து உணவைப் பறிப்பதா என்று பாட்டியார் கேட்கிறார். அன்பிலிருந்து பிறக்கும் அக்கேள்விக்கு முறையான விடை கூறுவது எம்போன்றோர் கடமை. என் கருத்து இதுவே: குரோன் நோயுற்ற குழந்தைக்கு இச்சிகிச்சை பரிந்துரைக்கப்படுமாயின், குடும்பத்தார் அனைவரும் அதனைப் பத்தியமாகக் கருதாமல் மருந்தாகவே கருதவேண்டும், மருந்துக்குரிய ஒழுங்கோடு முழுமையாகத் தரவேண்டும்.

1932-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர் வெளியிட்ட கட்டுரையின் வழியே இந்நோய் தனியொரு நோயாக அறியப்பட்டது. வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப் பாதையின் எப்பகுதியிலும் அழற்சி தோன்றலாம். சிறுகுடலின் இறுதிப் பகுதியே பெரும்பாலும் தாக்கப்படுகிறது. வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, எடைக் குறைவு ஆகியன வெளிப்படை. உயரம் கூடாமல் நிற்பதும், பருவமடைதல் தள்ளிப்போவதும் சில வேளைகளில் கவனிக்கப்படாமலே போகின்றன. நம் நாட்டில் குடல் காசநோயும் இதனை ஒத்த தோற்றம் தருவதால், நோயை உறுதிசெய்யவே காலம் பிடிக்கிறது. குழந்தை வளரும் ஆண்டுகளோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை. கடந்துபோன வளர்ச்சிக் காலத்தைப் பின்னர் எந்த மருந்தாலும் முழுமையாக மீட்டுத்தர இயலாது.

இதனால்தான் ஸ்டீராய்டு மருந்துகளைத் தவிர்க்கும் வழியை மருத்துவர்கள் நாடுகின்றனர். அம்மருந்துகள் அழற்சியை விரைந்து தணிப்பவைதாம். எனினும் அவை முகத்தை வீங்கச்செய்யும், எலும்பின் வலிமையைக் குறைக்கும், வளர்ச்சியையும் தடுக்கும். 2006-இல் இத்தாலியில் 37 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வில், ஒரு பிரிவினர்க்குப் பத்து வாரங்கள் திரவ உணவும், மற்றொரு பிரிவினர்க்கு ஸ்டீராய்டும் தரப்பட்டன. நோய்க்குறிகள் தணிந்தோர் விகிதம் முறையே 79, 67 விழுக்காடு. இவற்றிடையே பெரிய வேறுபாடு இல்லை. குடலின் உட்சுவரில் இருந்த புண்கள் ஆறியதில்தான் வேறுபாடு வெளிப்பட்டது: திரவ உணவு பெற்றோரில் 74 விழுக்காட்டினர்க்கும், ஸ்டீராய்டு பெற்றோரில் 33 விழுக்காட்டினர்க்கும் அவை ஆறியிருந்தன. ஆய்வு சிறியதே, ஆயினும் அது காட்டிய திசை தெளிவானது. குடற்பகுதியில் செயல்நிலையிலுள்ள குரோன் நோய்க்குக் குழந்தைகளிடத்தில் முதற்சிகிச்சையாக இதனையே ஐரோப்பிய வல்லுநர் சங்கங்களின் வழிகாட்டு நெறிகள் குறிப்பிடுகின்றன.

"முழுவதும் திரவமாகவே வேண்டுமா? பகலில் அதனைக் குடித்துவிட்டு, இரவில் ஒரு பிடி ரசஞ்சோறு உண்டால் என்ன குறைந்துவிடும்?" என்பது அடுத்த வினா. இதற்கும் ஆய்வு விடை தந்துள்ளது. 2006-இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், முழுதும் திரவ உணவே பெற்ற குழந்தைகளில் 42 விழுக்காட்டினர் நோய் தணிந்தனர். பாதி திரவமும் பாதி வழக்கமான உணவும் உண்டோரில் 15 விழுக்காட்டினரே தணிந்தனர். இரு பிரிவினர்க்கும் ஊட்டம் சென்றது. எனவே சத்தைக் கூட்டுவது மட்டும் இச்சிகிச்சையின் வேலை அன்று. வழக்கமான உணவை விலக்குவதும் அதன் வேலையே. அன்பு மிகுதியால் ஊட்டப்படும் அந்த ஒரு பிடிச் சோறு, குழந்தை பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கக்கூடும்.

இனிக் குடல் நுண்ணுயிர்களுக்கு வருவோம். "நல்ல பாக்டீரியா பெருகினால் நோய் தீரும்" என்னும் கருத்து இன்று விளம்பரங்கள் வாயிலாக வீடுதோறும் பரவியுள்ளது. அதற்கு ஓர் அடிப்படையும் உண்டு. குரோன் நோயாளிகளின் குடலில் ஃபீக்கலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி என்னும் நுண்ணுயிர் குறைந்திருப்பதும், அது அழற்சியைத் தணிக்கவல்லது என்பதும் 2008-இல் பிரெஞ்சு ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டன. அவ்வாறாயின், திரவ உணவால் குழந்தை தேறும்போது அந்நுண்ணுயிர் பெருகவேண்டும் என்றுதானே எதிர்பார்ப்போம்? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறானது. சிகிச்சைக் காலத்தில் அந்நுண்ணுயிர் மேலும் குறைந்தது, குடலுக்கு நன்மை தருவதாகக் கருதப்படும் பியூட்டிரேட் என்னும் பொருளும் குறைந்தது, குழந்தைகளோ நலம்பெற்றனர். அடுத்த ஆண்டு அதே ஆய்வுக் குழுவினர், நுண்ணுயிர் வகைகளின் எண்ணிக்கையும் சிகிச்சையின்போது சுருங்குவதையும், வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் பழைய நிலையை நோக்கித் திரும்புவதையும் காட்டினர்.

இம்முரண்பாட்டைப் புரிந்துகொள்வது கடினமன்று. ஊட்டத் திரவத்தின் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பெரும்பாலான திரவ வகைகளில் நார்ச்சத்து இல்லை. ஆகவே பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் இரை மிகக் குறைவு. வயலுக்கு நீர் நிறுத்தினால் களையோடு பயிரும் வாடுவதுபோல, நல்லவை என நாம் பெயரிட்டவையும் ஒடுங்குகின்றன. அழற்சி தணிவதற்குக் காரணம் இவ்வொடுக்கம்தானா, உணவிலுள்ள சில பொருள்கள் விலகியதா, இரண்டும் சேர்ந்தனவா என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

பெற்றோர் இதிலிருந்து கொள்ளவேண்டியது யாது? முதலாவதாக, சிகிச்சைக் காலத்தில் "குடலுக்கு நல்லது" என்று தயிரையோ, மோரையோ, கடையில் விற்கும் ப்ரோபயாடிக் பொடியையோ தாமாகச் சேர்த்தல் கூடாது. குரோன் நோயில் அப்பொடிகளுக்குத் தெளிவான பயன் நிறுவப்படவில்லை. இரண்டாவதாக, மலத்திலுள்ள பாக்டீரியாவைக் கணக்கிட்டுத் தருவதாகக் கூறும் சோதனைகளைக் கண்டு அஞ்சுதல் வேண்டா. குழந்தை தேறுகிறதா என்பதை எடை, உயரம், இரத்தப் பரிசோதனை, மலத்திலுள்ள கால்புரோடெக்டின் அளவு ஆகியன கூறும். மூன்றாவதாக, வீட்டில் காய்ச்சும் கஞ்சியோ, சத்துமாவோ மருத்துவ ஊட்டத் திரவத்துக்கு ஈடாகாது. குழந்தைக்கு ஒரு நாளுக்கு வேண்டிய ஆற்றல், புரதம், வைட்டமின், தாது ஆகிய அனைத்தும் அளவோடு அடங்கியது அத்திரவம் ஒன்றே.

இச்சிகிச்சை எளிதென்று நான் கூறவில்லை. ஒரே சுவையை ஐம்பது நாள்களுக்கு மேல் குடிப்பது பெரியவர்க்கே அரிது. குடிக்க இயலாத குழந்தைக்கு மூக்கின் வழியே குழாய் செலுத்த நேரலாம். பள்ளியில் தோழர்கள் உணவுப் பெட்டியைத் திறக்கும் நேரம் அக்குழந்தைக்குத் தனிமையான நேரம். செலவும் சிறிதன்று. ஆகவே பொறுப்பைக் குழந்தையின் மன உறுதி மேல் மட்டும் ஏற்றிவிடுதல் நியாயமாகாது. உணவியல் வல்லுநர் வாரந்தோறும் பேசுவதற்கு நேரம் ஒதுக்கவேண்டும். பள்ளி ஆசிரியர்க்குக் கடிதம் தரவேண்டும். செலவைத் தொடக்கத்திலேயே ஒளிவின்றிக் கூறவேண்டும். இவை மருத்துவமனையின் பங்கு. குழந்தை எதிரே பலகாரம் பரப்பாதிருத்தல், திரவத்தைக் குளிர்வித்துத் தருதல், உறவினர் வீட்டு விருந்துகளைச் சில வாரங்கள் தள்ளிவைத்தல் ஆகியன குடும்பத்தின் பங்கு.

எட்டு வாரங்களோடு எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. வழக்கமான உணவு திரும்பியதும் கால்புரோடெக்டின் அளவு விரைவில் உயர்வதைக் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். ஆதலால் தணிந்த நோயை அந்நிலையிலேயே காக்கத் தொடர் மருந்து வேண்டும். அதனை நிறுத்துதல் ஆகாது. உணவு வழியிலும் நம்பிக்கை தரும் செய்தி உண்டு. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், தேர்ந்தெடுத்த வீட்டு உணவுகளோடு ஓரளவு திரவமும் பெற்ற குழந்தைகளில் 75 விழுக்காட்டினர்க்குமேல் 12-ஆம் வாரத்திலும் ஸ்டீராய்டின்றி நலமாயிருந்தனர். ஆறு வாரம் முழுத்திரவம் பெற்றுப் பின் பெரும்பாலும் வழக்கமான உணவுக்குத் திரும்பியோரில் அந்நிலை ஏறத்தாழ 45 விழுக்காடே. அவ்வுணவு முறையும் வரையறுக்கப்பட்ட பட்டியலைப் பின்பற்றுவது. முன்னர்க் கூறிய ரசஞ்சோற்றுக்கு அது அனுமதி அன்று.

ஒரு எச்சரிக்கை. எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தாது. ஆசனவாயைச் சுற்றிப் புரையோடிய குழந்தைகளுக்கும், நோய் கடுமையாக உள்ளோர்க்கும் வேறு மருந்துகள் முதலில் தேவைப்படலாம். மிகவும் மெலிந்த குழந்தைக்குத் திடீரென முழு ஊட்டம் தந்தால் இரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். எனவே மருத்துவர் கண்காணிப்பின்றித் தாமாகத் தொடங்குதல் கூடாது. தொடங்கியபின், அவரைக் கேளாமல் ஒரு பிடியும் ஊட்டுதல் கூடாது. பாட்டியாரின் கேள்விக்கு என் விடை: அம்மா, பிள்ளையின் வாயிலிருந்து நாங்கள் உணவைப் பறிக்கவில்லை. அவன் குடல் புண் ஆறி, நீங்கள் ஊட்டும் சோறு அவன் உடம்பில் ஒட்டுவதற்கு எட்டு வாரம் தவணை கேட்கிறோம்.