லஸ்ஸுக்குப் போங்க, ராயபுரத்துக்கும் வாங்க

போன ஞாயிறு முகத்துவாரக்குப்பத்திலிருந்து பஸ் மாறி மாறி மயிலாப்பூர் லஸ் சர்ச்சுக்குப் போனேன். கல்வெட்டில் 1516 என்றிருக்கிறது (அந்த வருஷம் சரியா என்பதில் சர்ச்சை உண்டு). கடலில் தவித்த போர்ச்சுகீசிய மாலுமிகளுக்கு ஒரு வெளிச்சம் கரை காட்டியதாம். அதற்கு நன்றியாகக் கட்டினார்களாம். போர்ச்சுகீசில் 'லஸ்' என்றாலே வெளிச்சம்தான். நம்மவர்களுக்கு அது காட்டுக்கோயில்.

அழகான கதை. ஆனால் கப்பல்காரர்களைக் கரை சேர்த்த நம்ம படகுக்காரர்கள் கதையை யார் சொல்வது? துறைமுகம் இல்லாத காலத்தில், கரையிலிருந்து தள்ளி நின்ற கப்பல்களின் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அந்தக் கூலியில் சேர்ந்த பணத்தில் 1829ல் எழுந்ததுதான் ராயபுரம் ராயப்பர் கோயில்.

பழமையைப் பார்க்க லஸ்ஸுக்குப் போங்க. உழைப்பைப் பார்க்க ராயபுரத்துக்கும் வாங்க. எங்க பக்கம் என்பதற்காகச் சொல்லவில்லை... சரி, கொஞ்சம் அதுக்காகவும்தான்!