வந்து போகும் நோய்!

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் காலையில் மின்சார ரெயிலைப் பிடித்து வேலைக்கு ஓடும் இளம்பெண்கள் ஏராளம். அவர்களில் ஒருத்தி, "கண் மங்குகிறது, கால் மரத்துப் போகிறது" என்றால், "வேலைக்குப் போகச் சோம்பல்" என்று ஏசக்கூடாது.

அது தண்டுவட மரப்பு நோயாக இருக்கலாம். 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்பார்கள் டாக்டர்கள்.

மின்சாரக் கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல நரம்புக்கும் உறை உண்டு. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பு சக்தியே அந்த உறையை அரித்துவிடும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் இது தாக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

பலருக்குச் சில வாரங்களில் கோளாறு தானே குறையும். "குணமாகிவிட்டது" என்று வீட்டார் இருந்துவிடுவார்கள். அங்கேதான் ஆபத்து! நோய் மீண்டும் வரும். போகப்போக நடையே தளரலாம்.

அடியோடு தீர்க்க மருந்து இல்லை. ஆனால் தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் தாக்குதலைக் குறைக்கலாம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இந்த நோய் இடம் பெற்றிருக்கிறது.

அதே ரெயிலில் போய்ப் பூங்கா நிலையத்தில் இறங்கினால், எதிரே அரசு பொது மருத்துவமனை. அங்கே நரம்பு டாக்டர்கள் இருக்கிறார்கள். கோளாறு மறைந்துவிட்டாலும் அழைத்துப் போங்கள்!