படகை எங்க இறக்கறது?

போன ஞாயித்துக்கிழமை மோட்டார் கொட்டாய் நிழல்ல உக்காந்திருந்தேன். வெள்ளைக் கார் ஒண்ணு வந்து நின்னுச்சு. நாலு பசங்க இறங்குனாங்க. டிக்கியில மடிச்சு வெச்ச ரப்பர் படகு, பம்பு, புதுத் தூண்டில். "அங்கிள், அணைக்கட்டுக்குக் கீழ மீன் நல்லா மாட்டுமாமே, படகை எங்க இறக்கலாம்?"ன்னு கேட்டாங்க. லைப் ஜாக்கெட் இருக்காப்பான்னு கேட்டேன். ஒருத்தன் சிரிச்சான். "எங்க எல்லாருக்கும் நீச்சல் தெரியும் அங்கிள்."

மோர் குடுத்து, அரை மணி நேரம் பேசி, திருப்பி அனுப்பிட்டேன். வேற வழியில ஆத்துக்குப் போனாங்களா தெரியாது. ஆனா அந்தப் பையன் கேட்ட கேள்வி மட்டும் மனசுல நின்னுபோச்சு. படகை எங்க இறக்கலாம்? அம்பது வருஷமா இந்த ஆத்தோரம் இருக்கிற எனக்கே அதுக்கு ஒழுங்கான பதில் இல்ல.

விவசாயி எதுக்குப் படகைப் பத்தி எழுதறான்னு நினைப்பீங்க. என் மூணு ஏக்கர் முடியற எடத்துல கொசஸ்தலை ஆறு. எங்க அப்பா நாத்து நட்டுட்டு சாயங்காலம் வீச்சு வலையோட போவாரு. என்னோட பத்தாவது வரைக்கும் ஒண்ணா படிச்ச சிநேகிதன் காட்டுக்குப்பத்துக்காரன், எண்ணூர் முகத்துவாரத்துல தொழில் பண்றவன். அவனால எனக்குப் படகும் கொஞ்சம் தெரியும்.

மழைக்காலத்துல நீங்க டிவியில பாக்கற செய்தியிலிருந்து ஆரம்பிக்கறேன். "பூண்டி ஏரியிலிருந்து வினாடிக்கு 1,000 கன அடி உபரி நீர் திறப்பு." உடனே ஊர்ப் பேரா வாசிப்பாங்க. ஒதப்பை, மெய்யூர், தாமரைப்பாக்கம், சீமாவரம், வெள்ளிவாயல்சாவடி, நாப்பாளையம், இடையான்சாவடி, மணலி புதுநகர், சடையான்குப்பம், எண்ணூர். தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பா இருக்கணும்னு முடிச்சிடுவாங்க. உங்களுக்கு அது குடிதண்ணி ஏரி நிரம்பின சந்தோஷ செய்தி. எங்களுக்கு வேற.

ஒரு கன அடின்னா 28 லிட்டர் சொச்சம். 1,000 கன அடின்னா வினாடிக்கு 28,000 லிட்டர். உங்க அபார்ட்மென்ட்டுக்கு வருதே 12,000 லிட்டர் தண்ணி லாரி, அதுல ரெண்டு லாரிக்கு மேல, ஒவ்வொரு வினாடிக்கும். அதுவும் ஆரம்பம்தான். ஆந்திராவுல அம்மப்பள்ளி அணையைத் திறந்துட்டா பூண்டிக்கு வரத்து ஏறும், இங்கயும் ஏத்திக்கிட்டே போவாங்க. வேற வழியும் இல்ல. 1944ல கட்டின ஏரி, மொத்தக் கொள்ளளவே 3,231 மில்லியன் கன அடிதான். நிரம்பினப்புறம் திறக்காம வெச்சிருக்க முடியாது. திறக்கறதை நான் குறை சொல்லல. 2021 நவம்பர்ல மணலி புதுநகர் வீடுங்களுக்குள்ள இந்த ஆத்துத் தண்ணி பூந்ததைப் பாத்தவன் நான். தண்ணி ராத்திரி வரும், பகல்ல வரும், அது இஷ்டம். அந்த அறிவிப்புல கரையில இருக்கறவனுக்கு ஒரு வரி இருக்கு. தண்ணிமேல இருக்கறவனுக்கு ஒரு எழுத்து கிடையாது. அதுதான் என் சண்டை.

பூண்டிக்கும் கடலுக்கும் நடுவுல தாமரைப்பாக்கத்துல ஒரு அணைக்கட்டு, வல்லூர்ல ஒரு அணைக்கட்டு. அணைக்கட்டுன்னதும் மேட்டூர் மாதிரி நினைச்சுக்காதீங்க. ஆத்துக்குக் குறுக்க ஒரு குட்டைச் சுவர், அவ்வளவுதான். தண்ணி மேல வழிஞ்சு விழும். பாக்க அழகா இருக்கும், செல்பி எடுப்பீங்க. ஆளை முழுங்கறது அந்தக் குட்டைச் சுவர்தான்.

எப்படின்னா, மேலேர்ந்து விழற தண்ணி அடிவரைக்கும் போய், கொஞ்ச தூரத்துல எழும்பி, மறுபடியும் சுவரைப் பாத்துத் திரும்பி வரும். கீழ்ப்பக்கம் படகுல நிக்கறவனுக்கு ஆறு கடலைப் பாத்து ஓடுதுன்னு தோணும். ஆனா சுவருக்குக் கிட்ட மேல்தண்ணி எதிர்ப்பக்கமா இழுக்கும். படகு உள்ள போச்சுன்னா விழற தண்ணிக்கு அடியில மாட்டிக் கவுந்துடும். விழுந்தவனை அடியில தள்ளும், மேல தூக்கும், திரும்ப சுவர்கிட்ட இழுத்துட்டுப் போகும், மறுபடியும் அடியில தள்ளும். அமெரிக்காவுல இந்த மாதிரி குட்டைச் சுவருக்கு மூழ்கடிக்கிற இயந்திரம்னே பேர் வெச்சிருக்காங்க. நுரையில பாதி காத்துதான், அதனால மனுஷன் மிதக்க மாட்டான். லைப் ஜாக்கெட் போட்டவனுக்கே அங்க கஷ்டம், நீச்சல் தெரிஞ்சவன் கதி என்ன? மேல்பக்கத்துலேர்ந்து வர்றவனுக்கு இன்னும் மோசம். சுவர் இருக்கறதே கண்ணுக்குத் தெரியாது. தண்ணி சமமா ஒரு கோடு போட்ட மாதிரி இருக்கும், அப்புறம் ஒண்ணும் இருக்காது.

அப்போ அங்க ஏன் போறீங்கன்னு கேப்பீங்க. மீன் அங்கதான் இருக்கு. மேல ஏறிப் போக முடியாம சுவருக்குக் கீழ கெண்டையும் கெளுத்தியும் ஜிலேபியும் கூடும். புதுத்தண்ணி வந்தா இன்னும் கூடும். முகத்துவாரத்துப் பக்கம் சாம்பலும் எண்ணெயுமா வலை நாறும்போது, மேல ஏறி வந்து நாலு கிலோ மீன் பிடிக்கலாம்னுதான் எவனுக்கும் தோணும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிஞ்சு படிஞ்சு கழிமுகத்துல ஆழம் போனதைப் பத்தி முன்னாடியே எழுதியிருக்கேன், திரும்ப எழுதினா எனக்கே ரத்தக்கொதிப்பு ஏறும்.

இப்ப எங்க கதை. எந்த அணைக்கட்டு, எந்த வருஷம்னு எழுதப் போறதில்ல. கார்த்திகை மாசம், சாயங்காலம். சிநேகிதன், அவன் பையன், நான், மூணு பேரும் சின்ன பைபர் படகுல சுவருக்குக் கீழ இருந்தோம். மழை விட்டிருந்துச்சு. நங்கூரக் கயித்தைப் படகுக்குப் பின்பக்கம், இஞ்சின்கிட்ட கட்டினது நான். அணியத்துல கட்டணும்னு சிநேகிதன் எத்தனையோ தரம் சொல்லியிருக்கான். எனக்குக் கைக்கு எட்டின எடம் அதுதான்.

முதல்ல மாறினது சத்தம். அப்புறம் தண்ணி நிறம், செம்மண் கலந்தது. ஆகாயத்தாமரை திட்டுத் திட்டா சுவர் மேல ஏறி விழுந்துச்சு. "பெரியப்பா, தண்ணி ஏறுது"ன்னு பையன் சொல்லி முடிக்கறதுக்குள்ள படகு பின்பக்கம் அழுந்தி தண்ணி உள்ள வந்துச்சு. பின்னாடி கயிறு கட்டினா அதான் நடக்கும். வேகம் ஏற ஏற கயிறு படகோட பின்பக்கத்தைக் கீழ இழுக்கும், அங்கதான் இஞ்சின் பாரமும் இருக்கு. சிநேகிதன் கத்தியால அறுத்தான். அறுக்கலைன்னா இந்த எழுத்து இல்ல.

ஆனா நான் சொல்ல வந்தது அதுக்கப்புறம் நடந்தது. தப்பிச்சு வந்து கரையில படகு ஏத்தற சாய்தளத்துக்கு வந்துட்டோம். நல்லா இருட்டிடுச்சு, விளக்கு இல்ல. சிமெண்டு பூரா பாசி. நுனியில அடிமண் அரிச்சுப் போய் பலகை உடைஞ்சு, கம்பி நீட்டிக்கிட்டு, முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். படகைப் பிடிக்கப் பையன் குதிச்சான். கால் பள்ளத்துல போச்சு, பின்னாலேயே வந்த தண்ணி படகைத் தூக்கி அவன் மேல போட்டுச்சு. முட்டிக்குக் கீழ ரெண்டு எடத்துல எலும்பு முறிஞ்சுது. அப்போ அவனுக்கு 22 வயசு. ஆத்துல தப்பிச்சவன் கரையில மாட்டினான்.

கட்டினப்போ போட்டோ எடுத்தாங்க. கல்வெட்டுல பேரெல்லாம் இன்னிக்கும் பளபளன்னு இருக்கு, அது மேல மட்டும் பாசி பிடிக்கல. கட்டறதுக்கு டெண்டர் உண்டு, ரிப்பன் உண்டு. பாசி சுரண்டறதுக்கு ரிப்பன் கிடையாதே! ஒரு சாய்தளத்துக்கு என்ன பெருசா வேணும்? கால் வழுக்காம இருக்க சிமெண்டுல குறுக்குக் குறுக்கா காடி வெட்டணும். நீர் வத்தற நேரத்துலயும் நுனி தண்ணிக்குள்ளயே இருக்கற அளவுக்கு நீட்டணும். அடிமண் அரிக்காம கருங்கல் கொட்டணும். ஐப்பசிக்கு முன்னாடி சேறு வாரி, பாசி சுரண்டி, கயிறு கட்ட ரெண்டு வளையம், ஒரு விளக்கு. வருஷத்துக்கு ஒரு தரம் பாசி சுரண்ட ஆகற கூலி, என் மோட்டாரை ரீவைண்டிங் பண்ற செலவுக்குக் கூட வராது. திருவொற்றியூர்ல 200 கோடிக்கு மேல செலவு பண்ணி சூரை மீன்பிடித் துறைமுகம் கட்டியிருக்காங்க, நல்லது, வேணும். ஆனா ஆத்தங்கரையில ஒத்தைப் படகு வெச்சிருக்கறவன் அங்க போக மாட்டான்.

எங்க தப்பையும் எழுதிடறேன், இல்லைன்னா சிநேகிதனே திட்டுவான். அந்தப் பள்ளம் பாதி நாங்க பறிச்சது. படகை இழுக்க சோம்பேறித்தனப்பட்டு இஞ்சினை முழு வேகத்துல விட்டு சாய்தளத்துல ஏத்தறோம். விசிறி அடிக்கற தண்ணி நுனியில மண்ணைத் தோண்டி எடுத்துடும். பத்து படகு பத்து மாசம் இப்படிப் பண்ணா எந்தச் சிமெண்டும் நிக்காது. சாய்தளத்துல துணி துவைக்கறது, வீடு இடிச்ச கல்லைக் கொண்டாந்து கொட்டறது, ராத்திரி பாட்டில் உடைக்கறது, எல்லாம் நம்ம ஆளுங்கதான். லைப் ஜாக்கெட்டை சீட்டுக்கு அடியில சுருட்டி வைக்கறதும் நாங்கதான். மாட்டினா வேர்க்குதாம்.

பேசப் போனா அதிகாரிங்க ஒரே பதில் வெச்சிருக்காங்க. அணைக்கட்டு பக்கம் போகவே கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கோமே. போர்டு இருக்கு, சரி. கரையில இருக்கற போர்டு தண்ணியில இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்? எதுவரைக்கும் போகலாம், எங்கேர்ந்து கூடாதுன்னு தண்ணியில கோடு எங்க? சுவருக்கு மேலயும் கீழயும் ஒரு கயித்துல நாலு மிதவை, சிவப்புப் பெயிண்ட் அடிச்சுக் கட்டினா குழந்தைக்கும் புரியும். தடைன்னு எழுதி வெச்சுட்டா, செத்தவன் மேலேயே பழி போட்டுடலாம், அந்த வசதிக்குத்தான் அந்தப் போர்டு.

2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு பழவேற்காட்டுல படகு கவுந்து 22 பேர் செத்தாங்களே, ஞாபகம் இருக்கா? சுத்திப் பாக்க வந்த குடும்பங்க, லைப் ஜாக்கெட் கிடையாது. அதுக்கப்புறமும் சவாரிக்குத் தடை போட்டாங்க. தடை போடறது ஒரு கையெழுத்துல முடிஞ்சுடும், ஒழுங்குபடுத்தறதுக்குத் தினமும் ஒரு ஆள் வந்து நிக்கணும்.

இதெல்லாம் மீன் பிடிக்கறவன் பாடு, எங்களுக்கென்னன்னு நினைச்சா 2015 டிசம்பரை யோசிச்சுப் பாருங்க. செம்பரம்பாக்கத்துலேர்ந்து 29,000 கன அடி அளவுக்குத் திறந்தப்போ கோட்டூர்புரத்துலயும் முடிச்சூர்லயும் மாடியில நின்னவங்களை யார் இறக்கினது? குப்பத்துக்காரங்க பைபர் படகை லாரியில ஏத்திக்கிட்டு வந்தாங்க. கையால தூக்கி ரோட்டுல இறக்கினாங்க. 2023 மிக்ஜாம்ல மணலி, எண்ணூர் பக்கம் வெள்ளம் வந்தப்போ, தண்ணியோட எண்ணெயும் வந்துச்சு. அந்த எண்ணெயை பக்கெட்டாலயும் மக்காலயும் மொண்டு எடுத்தது அந்தப் படகுக்காரங்கதான். அப்போ 787 படகுக்குத் தலா 10,000 ரூபா நிவாரணம் அறிவிச்சாங்க. 787 படகு இருக்குன்னு நிவாரணத்துக்குக் கணக்கு எடுக்க முடிஞ்சுது இல்லையா? அந்த 787 படகுக்காரன் போன்லயும் தண்ணி திறக்கறதுக்கு முன்னாடி, "இத்தனை மணிக்குத் திறக்கறோம், இத்தனை மணிக்கு உங்க பக்கம் வரும், படகை மேல ஏத்து"ன்னு ஒரு குரல் செய்தி அனுப்ப முடியாதா? எழுத்துல அனுப்பாதீங்க, துடுப்பு பிடிச்ச கையால படிக்க முடியாது. அணைக்கட்டுல ஒரு சங்கு வையுங்க. திறக்கறதுக்கு அரை மணி முன்னாடி ஊதட்டும், அளவை ஏத்தும்போதும் ஊதட்டும்.

நீங்க பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு. மனு குடுக்க நாங்க போனா "ஆத்துல மீன் பிடிக்க உனக்கு யார் சொன்னது"ன்னு கேக்கறாங்க. நீங்க போன் பண்ணா "சார்"ங்கறாங்க. ஞாயித்துக்கிழமை தூண்டிலோட வர்றீங்க இல்ல, அப்படியே பக்கத்துல இருக்கற சாய்தளத்தைப் போட்டோ எடுத்து, தேதி போட்டு, நீர்வளத்துக்கும் மீன்வளத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அனுப்புங்க. பதில் வரலைன்னா மறு வாரம் திரும்ப அனுப்புங்க. சுவர்கிட்ட மட்டும் போகாதீங்க. என் கணக்கு, நுரை எங்க முடியுதோ அதுக்கும் கீழ இன்னொரு மடங்கு தூரம் தள்ளி. தண்ணி நிறம் மாறினா மாட்டின மீனை விட்டுட்டுக் கெளம்பணும்.

அடுத்த கிராம சபையில மனு குடுக்கறோம், சிநேகிதனும் நானும். அவங்க குப்பம் எங்க பஞ்சாயத்துல வராது, இருந்தாலும் வர்றேன்னான். பையன் இப்ப மணலி பக்கம் ஒரு கம்பெனி கேட்டுல செக்யூரிட்டி. நைட் ஷிப்டுல நிக்க முடியல, ஸ்டூல் போட்டு உக்கார விட்டிருக்காங்களாம். படகு அவங்க வீட்டு வேப்பமரத்தடியில கவுத்துப் போட்டிருக்கு. போன மாசம் போனப்போ அதுக்கடியில கோழி அடை வெச்சிருந்தாங்க.