ஏஐஏ கட்டடத்தில் போலீஸ் ஏன் பாயவில்லை?

1975 ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் இருந்த ஏஐஏ கட்டடத்துக்குள் ஜப்பானியச் செம்படையைச் சேர்ந்த ஆயுததாரிகள் நுழைந்தார்கள். அமெரிக்கத் தூதரக அலுவலகமும் ஸ்வீடன் தூதரகமும் அங்குதான் இயங்கின. 50க்கும் மேற்பட்டோர் பிணை பிடிக்கப்பட்டார்கள். ஜப்பானியச் சிறையில் இருந்த தங்கள் தோழர்களை விடுவிக்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை.

நம் போலீஸ் படையில் யுடிகே எனப்படும் சிறப்பு நடவடிக்கைப் பிரிவு தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலியக் குழுவினர் 11 பேர் கொல்லப்பட்ட பிறகு பல நாடுகள் இத்தகைய பிரிவுகளை உருவாக்கின. ஜெர்மனியின் ஜிஎஸ்ஜி 9 அப்படிப் பிறந்ததுதான்.

ஆனால் ஏஐஏ கட்டடத்துக்குள் எந்த அதிரடிப் படையும் பாயவில்லை. பேச்சுவார்த்தை நடந்தது. ஜப்பான் ஐந்து கைதிகளை விடுவித்தது. மலேசிய, ஜப்பானிய அதிகாரிகள் பிணையாளிகளுக்குப் பதிலாகத் தாங்களே விமானம் ஏறினார்கள். ஆயுததாரிகள் லிபியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கட்டடத்தில் சிக்கியிருந்தவர்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் நான் சந்திக்கும் மாணவர்களிடம் இதைச் சொன்னால், "அப்படியென்றால் நாம் தோற்றுவிட்டோமா?" என்று கேட்கிறார்கள். சினிமாவில் பார்த்த மீட்பு நடவடிக்கைகள் அப்படிக் கேட்க வைக்கின்றன. கேள்வியில் நியாயமும் இருக்கிறது. அன்று விடுதலையானவர்களில் சிலர் 1977 செப்டம்பரில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கடத்தி டாக்காவில் இறக்கினார்கள். ஜப்பான் மீண்டும் பணிந்தது. இம்முறை ஆறு கைதிகளோடு 60 லட்சம் அமெரிக்க டாலரையும் கொடுத்தது. இன்று காப்பாற்றிய உயிர்களுக்கான விலை நாளை வேறு யார் தலையிலோ விழலாம்.

அப்படியானால் எப்போதும் பாய்ந்துவிட வேண்டுமா? டாக்கா கடத்தலுக்கு அடுத்த மாதமே ஜிஎஸ்ஜி 9 வீரர்கள் சோமாலியாவின் மொகடிஷு விமான நிலையத்தில் லுஃப்தான்சா விமானத்துக்குள் புகுந்து, உள்ளே இருந்த பிணையாளிகள் அனைவரையும் உயிரோடு மீட்டார்கள். 2002இல் மாஸ்கோ நாடக அரங்கை ரஷ்யப் படைகள் மீட்டபோதோ, உள்ளே செலுத்திய வாயுவாலேயே நூற்றுக்கும் மேற்பட்ட பிணையாளிகள் மாண்டார்கள். பாய்வது, பேசுவது இரண்டிலுமே ஆபத்து உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவை எடுப்பது அரசு. அந்த முடிவைச் செயல்படுத்தி, உயிரைப் பணயம் வைப்பவர்கள் வீரர்கள்.

1997இல் யுடிகேயும் வாட் 69 கமாண்டோ பிரிவும் பிஜிகே என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. வாட் 69 என்பது 1969இல் கம்யூனிஸ்டுப் போராளிகளைக் காட்டில் எதிர்கொள்ள உருவான பிரிவு. யுடிகே நகரத்துக்கு, வாட் 69 காட்டுக்கு என்று பொதுவாகச் சொல்லலாம்.

2000 ஜூலையில் வந்தது பேராக், சாவுக் சம்பவம். அல் மவுனா கும்பல் இராணுவ முகாம்களில் ஆயுதங்களைக் கொள்ளையடித்து மலைக்காட்டில் பதுங்கியது. பாதுகாப்புப் படைகள் சூழ்ந்து நின்றன, பேச்சும் நடந்தது. ஜூலை 6இல் கும்பல் சரணடைந்தது. ஆனால் அதற்குள் பிணை பிடிக்கப்பட்டவர்களில் இருவர் கொல்லப்பட்டிருந்தார்கள். ஒருவர் இராணுவ வீரர் மெத்தியூ மெடான். மற்றவர் நம் இனத்தைச் சேர்ந்த போலீஸ் துப்பறிவாளர் சகாதேவன். நம் பிள்ளைகள் மனத்தில் இருத்த வேண்டிய பெயர் அது.

பிடிபட்டவர்கள் மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். இந்த வேலையில் போலீசுக்கு ஏன் இடம் வேண்டும் என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. எதிரியை வீழ்த்துவதோடு போலீசின் கடமை முடிவதில்லை. ஆளைப் பிடிக்க வேண்டும், சாட்சியம் கெடாமல் காக்க வேண்டும், நீதிபதி முன் நிறுத்த வேண்டும். ஆயுதம் ஏந்திய பிரிவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே.

மிரட்டல் இன்று வடிவம் மாறிவிட்டது. 2016 ஜூன் 28இல் பூச்சோங் மொவிடா கேளிக்கை மையத்தில் கையெறி குண்டு வெடித்து எட்டுப் பேர் காயமடைந்தார்கள். ஐஎஸ் அமைப்பு மலேசிய மண்ணில் நடத்திய முதல் தாக்குதல் அது. அங்கே பேச்சுக்கு இடமே இருக்கவில்லை. கோரிக்கையும் இல்லை, பிணையாளியும் இல்லை. இத்தகைய தாக்குதலைத் தடுக்க முன்கூட்டியே கிடைக்கும் உளவுத் தகவல்தான் முதல் ஆயுதம்.

மாணவர்களே, அடுத்த முறை இப்படி ஒரு செய்தியைப் படிக்கும்போது எத்தனை பயங்கரவாதிகள் சுடப்பட்டார்கள் என்பதோடு நின்றுவிடாதீர்கள். பிணையாளிகள் எத்தனை பேர் உயிரோடு வந்தார்கள், அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது, யார் முடிவெடுத்தார்கள், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்றும் கேளுங்கள். சீருடை அணியும் ஆசை உங்களில் யாருக்காவது இருந்தால், இந்தக் கேள்விகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.