ரம்மியில் தோற்றவர் எங்கே போய்ச் சொல்வது?

“தோழர், குடியும் சூதும் தனிமனித ஒழுக்கம். பஞ்சமி நிலத்துக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் போராடவே நமக்கு ஆள் போதவில்லை. ரம்மி ஆடித் தோற்றவனை உட்கார வைத்துப் பேசுவது இயக்கத்தின் வேலையா?”

செங்கல்பட்டு மாவட்டச் சேரிகளில் சூதாட்டப் பழக்கத்திலிருந்து மீள நினைப்பவர்களுக்கு, அதே பழக்கத்தில் பட்டவர்களே துணை நிற்கும் கூட்டங்கள் வேண்டும் என்று நாங்கள் பேசத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஊர்த்தெருக்காரர்கள் கேட்டிருந்தால் கடந்து போயிருப்போம். கேட்பவர்கள் நீலத்துண்டு போட்ட நம்மவர்கள். அதனால் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒழுக்கம் என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் பெரியதற்குத் தர்மராஜ ரதம் என்று பெயர். பல்லவர் குடைந்த கல்லுக்கும் பாண்டவர்களுக்கும் சம்பந்தமில்லை, பெயர் பின்னால் ஒட்டியதுதான். ஆனாலும் யாருடைய பெயர் ஒட்டியது என்று பாருங்கள். நாட்டை வைத்து ஆடினார், தம்பிகளை வைத்து ஆடினார், தன்னையே தோற்ற பிறகு மனைவியை வைத்து ஆடினார். அவர் தர்மர். நம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்க்கும் யாரும் அவரை ஒழுக்கங்கெட்டவர் என்பதில்லை. விதி என்கிறார்கள், சகுனியின் சூழ்ச்சி என்கிறார்கள். அந்த ரதத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், சிற்பக்கூடத்தில் கல்லுக்குப் பாலிஷ் போடும் காலனிப் பையன் வாரக்கூலியைப் போனில் விட்டுவிட்டால் மட்டும், “அதுங்க புத்தியே அப்படித்தான்” என்கிறார்கள். அந்தப் பேச்சைத்தான் நம் தோழர்கள் ‘தனிமனித ஒழுக்கம்’ என்று நாகரிகமாகச் சொல்கிறார்கள்.

சட்டமும் இப்படியே ஆள் பார்த்துத்தான் பேசியிருக்கிறது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. தமிழக அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, கிண்டிப் பந்தயமும் திறமைதான் என்று 1996இல் தீர்ப்பு வந்தது. பணக்காரர்கள் சீட்டாட மனமகிழ் மன்றம் இருக்கிறது, உறுப்பினர் அட்டை இருக்கிறது. புளியமரத்தடியில் துண்டு விரித்து ஆடுபவருக்கு 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் காவல் நிலையமும் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்து சட்டம் இயற்றியபோது, ஆடியவர் குற்றவாளி அல்ல, பாதிக்கப்பட்டவர் என்றது. நல்ல பேச்சு. மரத்தடியில் பிடிபட்டவருக்கு அது எப்போது வரும்?

தடைக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. இங்கே தடை பட்ட பாட்டையும் மறக்கவில்லை. 2020 நவம்பரில் அவசரச் சட்டம். அடுத்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு, மறுபடி சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பியது, சட்டமன்றம் இரண்டாம் முறை நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் நடைமுறை. அதே ஆண்டு நவம்பரில் ரம்மியும் போக்கரும் தடைப்பட்டியலிலிருந்து நீதிமன்றத்தால் நீக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை ஆடக் கூடாது என்று மாநில விதி. பிறகு ஒன்றியச் சட்டம். ஐந்து ஆண்டுகள் இவர்கள் திறமையா அதிர்ஷ்டமா என்று வழக்காடிக்கொண்டிருந்தபோது சேரியில் போன் திறந்தேதான் இருந்தது.

இப்போது பெரிய கம்பெனிகளின் பண ஆட்டங்கள் நின்றுவிட்டன. பழக்கம் நின்றுவிட்டதா? லாட்டரியைப் பாருங்கள். 2003இல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி மனைவியையும் மூன்று பெண் குழந்தைகளையும் சாகடித்துத் தானும் செத்தார். மூன்று நம்பர் லாட்டரியில் விட்ட பணம்தான் காரணம். தடை வந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு! கடையை மூடலாம். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று உள்ளே எரிகிறதே, அதற்கு ஷட்டர் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980லேயே இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2013இல் குடி, கஞ்சா போன்ற அடிமைப் பழக்கங்களோடு ஒரே பிரிவில் வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் இருக்கிறது. இதை ஒழுக்கக்கேடு என்று பேசும் தோழர்கள் நாற்பது வருடம் பின்தங்கி நிற்கிறார்கள்.

இது ஏன் சாதிக் கேள்வி என்று கேட்கிறார்கள். தோற்ற பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போய் முடிகிறது என்று பார்த்தால் தெரியும். ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை பார்ப்பவர் தோற்றால் வங்கியில் கடன் வாங்குவார், அப்பா வீட்டை விற்பார். நம் ஆள் தோற்றால் முதலில் மனைவியின் கம்மல் அடகுக்குப் போகும். பிறகு மகளிர் குழுக் கடன், நுண்கடன் கம்பெனிக் கடன். அங்கே ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற பெண்கள் சேர்ந்து கட்ட வேண்டும். ஆகவே ஒருவருடைய ரம்மி பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேரின் கூலியைத் தின்கிறது. அதன்பின் மீட்டர் வட்டி. கடைசியில் செங்கல் சூளைக்கோ மரம் வெட்டவோ ஆள் பிடிக்கும் மேஸ்திரியிடம் அட்வான்ஸ். குடும்பமே லாரியில் ஏறும், பிள்ளைகளின் படிப்பு நிற்கும். கொத்தடிமைகளை மீட்கப் போகும்போது “எதற்கு அட்வான்ஸ் வாங்கினீர்கள்” என்று கேட்கிறோம். “மருத்துவச் செலவு”, “தங்கச்சி கல்யாணம்” என்பார்கள். அவர்களில் சிலர் சில நாள் பழகிய பிறகுதான் போனைக் காட்டுவார்கள்.

நிலத்தையும் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலம் நம் கையைவிட்டுப் போனதில் ஆதிக்க சாதியின் தடி ஒரு பங்கு என்றால் கடன் பத்திரம் இன்னொரு பங்கு. காரணை நிலத்துக்காக 1994 அக்டோபர் 10இல் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் வீரவணக்கம் செலுத்துகிறோம். அந்த நிலத்தை இன்று ஐந்து சென்ட் ஐந்து சென்ட்டாகக் கரைக்கும் கடனைப் பற்றி மட்டும் பேசக் கூடாதாம்.

சரி, தோற்றவர் எங்கே போவார்? செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இரவு மூன்று மணிக்கும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. சாகலாமா என்று நினைக்கும் இரவில் அந்த எண் உயிர் காக்கும். எல்லாச் சேரியிலும் சுவரில் எழுதி வைக்கச் சொல்கிறோம். ஆனால் மறுநாள் காலை கடன்காரர் வாசலில் நிற்பார். அடுத்த வாரம் கூலி கைக்கு வரும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியவர், தானும் அப்படிக் கூலியைத் தோற்று, இப்போது தோற்காமல் இருக்கும் ஒருவர். மருத்துவரிடம் பொய் சொல்லலாம், மனைவியிடம் எப்படியும் சொல்லியிருப்பார். தன்னைப் போலவே பொய் சொல்லிப் பழகியவரிடம் அது செல்லாது. இந்தக் கூட்டங்களின் பலமே இதுதான்.

குடியை விட நினைத்தவர்கள் 1935இல் அமெரிக்காவில் இப்படிச் சேர்ந்தார்கள். அதே வழியில் சூதாடிகள் 1957இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ‘கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்’ என்று தொடங்கினார்கள். கட்டணம் இல்லை, தலைவர் இல்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. அப்படியே கொண்டுவந்து வைத்தால் சேரியில் நிற்காது என்பதும் உண்மை.

பெயரை மறைப்பது வெள்ளைக்காரருக்குப் பாதுகாப்பு. குடும்பப் பெயரை விட்டுவிட்டால் அவர் யாரோ ஒருவர். இங்கே பெயரை யார் கேட்கிறார்கள்? “தம்பிக்கு எந்த ஊரு?” என்பது முதல் கேள்வி, “ஊர்லயே எந்தத் தெரு?” என்பது இரண்டாவது. அம்பேத்கர் நகர், காலனி, பள்ளத்தெரு என்றதும் எல்லாம் தெரிந்துவிடும். அதன்பின் அவர் சூதாடி என்பதற்கும் ஒரே காரணம்தான் சொல்லப்படும். எங்களோடு பேசிய ஓர் இளைஞர் நகரத்துக் குடிமீட்புக் கூட்டம் ஒன்றுக்கு இரண்டு வாரம் போய்விட்டு நின்றுவிட்டார். யாரும் அவமதிக்கவில்லை. தேநீர் இடைவேளையில் தெருவைக் கேட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே எங்கள் கூட்டத்தின் முதல் விதி தெருவைக் கேட்காதே என்பது. பறையர், அருந்ததியர், இருளர், மீனவர் ஒரே பாயில் உட்கார வேண்டும் என்றால் நமக்கும்தான் அந்த விதி. நாம் மட்டும் தெருவே கேட்காதவர்களா என்ன.

அடுத்தது, “சூதின் முன் நான் சக்தியற்றவன்” என்று ஒப்புக்கொண்டு, தன்னிலும் பெரிய ஒரு சக்தியை நம்பச் சொல்லும் படிகள். வீம்பு பேசுபவனுக்கு அது மருந்தாகலாம். அதனால் பிழைத்தவர்களை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் உன்னிடம் ஒன்றுமில்லை, மேலே ஒருவன் இருக்கிறான் என்று ஊர் நமக்கு இரண்டாயிரம் வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதையே சிகிச்சை என்று சொன்னால் தொண்டையில் நிற்கிறது. “தனியாக என்னால் நிறுத்த முடியவில்லை, உங்களோடு சேர்ந்து நிறுத்துகிறேன்” என்று சொன்னால் போதும். சாமி வேண்டுபவர் வீட்டில் கும்பிட்டுக்கொள்ளட்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். அந்த அமைப்பில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பழைய உறுப்பினர்கள் சிலர் புதியவரோடும் அவர் துணையோடும் உட்கார்ந்து, ஒரு ரூபாய் விடாமல் எல்லாக் கடனையும் தாளில் எழுதி, அடைக்கும் வழியைத் திட்டமிடுவார்கள். புதுக்கடன் வாங்கிப் பழைய கடனை அடைக்க விடமாட்டார்கள். இதை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் எல்லாக் கடனையும் திருப்பித் தந்தால்தான் மீட்சி என்ற பேச்சு நமக்குப் பொருந்தாது. மேஸ்திரி தந்த அட்வான்ஸ் கொத்தடிமைக் கடன் என்றால் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அது செல்லாது. மீட்டர் வட்டியும் கந்து வட்டியும் 2003ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி குற்றம். ஆகவே நம் தாளில் இரண்டு பத்தி இருக்கும். ஒன்று பக்கத்து வீட்டு அக்காவுக்கும் மகளிர் குழுவுக்கும் அடகு வைத்த கம்மலுக்கும் தர வேண்டியது. அதில் ஒரு பைசா குறையக் கூடாது, அது நம் பெண்களின் உழைப்பு. மற்றது வட்டாட்சியரிடமும் கோட்டாட்சியரிடமும் மனுவாகப் போக வேண்டியது. இந்த இரண்டாம் பத்தியை மருத்துவமனை எழுதித் தராது. இயக்கம்தான் எழுத முடியும். இயக்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்ட தோழர்கள் கவனிக்கவும்.

பெண்களுக்குத் தனிக் கூட்டம் வேண்டும். ஆண்கள் உட்கார்ந்து அழுது ஆறுதல் தேடும் நேரத்தில் வீட்டுக்காரி தவணை கட்ட ஓடிக்கொண்டிருந்தால் அது பாதி வேலைதான். கூலியும் யுபிஐ எண்ணும் யார் கையில் இருப்பது என்பதை அவர்கள் கூடி முடிவு செய்யட்டும்.

ஆட்டக் கம்பெனிகளின் ‘பொறுப்பான விளையாட்டு’ நிதி வேண்டவே வேண்டாம். சூதை விற்றவன் காசில் வாங்கிய பாயில் உட்கார மாட்டோம். கட்சிக் கொடியும் வேண்டாம், தோற்றவரை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பதும் வேண்டாம். நமக்குத் தேவை ஒரு படிப்பகம், ஒரு பாய், ஒரு நோட்டு.

படிப்பகச் சாவியைக் கேட்டால் சில கிளைப் பொறுப்பாளர்கள், “ஞாயிற்றுக்கிழமை மதியம் காலியாக இருக்கும், அப்போது வைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். ஞாயிறு மதியம் எங்களுக்குப் பயனில்லை தோழர்களே. கூலி கைக்கு வருவது சனிக்கிழமை மாலை. ஆறு மணிக்குச் சாவி வேண்டும்.